யாருடைய கெட்ட நேரம்?

எங்கள் குடியிருப்பு கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சென்னையில் கடலுக்குப் பக்கம் என்பதால் சுவரெல்லாம் உப்புக்காற்று குடித்தவை. போன ஆண்டு வெளிப்பூச்சு வேலைக்கு ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தார்கள். சவுக்குக் கட்டைச் சாரம் ஏறியது. பழைய பூச்சை மேலிருந்து கொத்திக்கொண்டே வந்தார்கள். மூன்றாம் மாடி சன்ஷேடைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது இரண்டு செங்கல் அளவுக்கு ஒரு காங்கிரீட் துண்டு பெயர்ந்து, கீழே நின்ற காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி முழுக்க விரிசல் ஓடி உள்ளே குழிந்துவிட்டது. பானெட்டின் ஓரம் நசுங்கிப்போனது.

கார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. முன்பக்கம் கட்டியிருந்த எலுமிச்சம்பழ மிளகாய்ச் சரம் கசங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் வந்தார். சுற்றிப் பார்த்தார். "சார், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்குங்க. நீங்க உள்ள உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். ஆசிரியரின் மனைவி கைகூப்பினார். "ஆமாங்க, இவருக்கு ஏழரை நடக்குது. உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்." சங்கப் பொருளாளர் சாயங்காலமே திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னார். சாரத்துக்குப் பச்சை வலை வாங்கி வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒர்க்‌ஷாப் பில் ஆசிரியரின் ஓய்வூதியத்திலிருந்து போனது.

அந்த முற்றத்தில் நடந்தது பலருக்கு ஒரு சின்னச் சம்பவமாகத் தெரியலாம். எனக்கு அது ஓர் அநீதியாகவே தெரிகிறது. அதை அநீதி என்று அங்கே யாரும் சொல்லாதபடி செய்தது எது என்பதுதான் என் கேள்வி.

சன்ஷேடு ஏன் பெயர்ந்தது? காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்பும் ஈரமும் எட்டிவிட்டால் அது துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். உள்ளே இடம் கிடையாது. அதனால் மேல்பூச்சை வெளியே தள்ளும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு தட்டினால் பொள்ளென்ற சத்தம், பிறகு ஒருநாள் பெயர்ந்து விழுதல். இந்த வரிசை எந்த மேஸ்திரிக்கும் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் சுத்தியலால் தட்டினார்கள். விழக்கூடும் என்று தெரிந்தே தட்டிய ஒன்று விழுந்திருக்கிறது. கீழே வலை இல்லை, கயிறு கட்டி மறிக்கவில்லை, "காலை ஒன்பது மணிமுதல் இந்தப் பக்கம் வண்டி நிறுத்தாதீர்கள்" என்று முந்தின நாள் ஒரு தாள்கூட ஒட்டவில்லை. காரணங்களின் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் சனி நுழைய இடம் இருக்கிறது?

சனியின் கணக்கையும் பார்த்துவிடலாம். சனிக் கோள் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29 ஆண்டுகளும் ஆறு மாதங்களும் ஆகின்றன. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசியைக் கடக்கும் காலம் ஏழரை. அப்படியானால் எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும், அதாவது நான்கில் ஒரு ராசிக்கு. இதோடு அஷ்டமச் சனி, கண்டகச் சனி, அர்த்தாஷ்டமச் சனி ஆகியவற்றையும் கூட்டினால் பாதி ராசிகள் கெட்ட நேரத்துக்குள் வந்துவிடும். எங்கள் குடியிருப்பில் எந்தக் கார்மீது எந்தக் கல் விழுந்திருந்தாலும், உரிமையாளரின் ஜாதகத்தில் அதற்கொரு காரணம் தயாராக இருந்திருக்கும். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை. பொய் என்று அதை நிரூபிக்க வழியில்லை என்பது அதன் வலிமை அல்ல, குறை.

நம்பிக்கை ஆறுதல் தருகிறதே, அதை ஏன் பறிக்கிறீர்கள் என்பார்கள். ஆறுதலைப் பறிக்க எனக்கு ஆசையில்லை. அந்த அம்மாவின் நடுக்கம் உண்மையானது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று அவர் கைகூப்பியதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆறுதல் அவருடைய மனத்துக்கு. கண்ணாடிக்கான பணம் கான்ட்ராக்டரின் பாக்கி. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்ததில்தான் மோசடி நுழைந்தது. அந்தத் தள்ளுபடியை யார் கேட்டார் என்று பாருங்கள். பணம் கொடுக்க வேண்டியவர் கேட்டார். தனக்கு வர வேண்டிய பில் தொகையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அவர் அதைத் தன் கெட்ட நேரம் என்று விட்டுவிடப்போவதில்லை, சங்க அலுவலகத்துக்கு நாலு முறை நடப்பார். அப்படி நடப்பது அவருடைய உரிமை. அதே உரிமை கார்க்காரருக்கும் உண்டு.

இதைவிடப் பெரிய அளவில் இதே பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவில் வைத்த பேனர், ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண்மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வழக்குப் போடுவதானால் காற்றின்மீதுதான் போட வேண்டும் என்று அந்தக் கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் பேட்டியில் சொன்னார். நாடே கொதித்தது. கொதித்தது சரிதான். ஆனால் காற்றைக் குற்றவாளியாக்குவதற்கும் சனியைக் குற்றவாளியாக்குவதற்கும் தர்க்கத்தில் என்ன வேறுபாடு? சம்மன் அனுப்ப முடியாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதுதான் இரண்டிலும் நடக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. டெல்லி சாந்தினி சௌக்கில், நகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கு 1966-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தவிர்க்க முடியாத விபத்து, வெளியே தெரியாத பழுது என்று நகராட்சி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கூண்டுக்கு வயது எண்பது. அதில் பயன்படுத்திய சாந்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள்தான் ஆயுள். மக்கள் நடக்கும் இடத்தை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர், பழுது கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதைக் கவனித்துச் சரிசெய்யக் கடமைப்பட்டவர். இத்தகைய சூழலில் கட்டடம் விழுந்தது என்ற உண்மையே கவனக்குறைவை ஊகிக்கப் போதும், நான் கவனமாக இருந்தேன் என்று காட்ட வேண்டியது உரிமையாளர்தான் என்று தீர்ப்பானது.

"வாகனங்களை உரிமையாளர் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்" என்று எங்கள் வாசலிலும் ஒரு பலகை உண்டு. கான்ட்ராக்டர் அதையும் விரல் நீட்டிக் காட்டினார். ஊழுக்கு அடுத்தபடியாக நம் ஊரில் கேள்வி கேட்காமல் மதிக்கப்படுவது இந்தப் பலகைதான். 1998-இல் டெல்லியின் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. சீட்டில் சொந்தப் பொறுப்பு என்று அச்சடித்திருந்தது. ஓட்டலின் கவனக்குறைவுக்கு அந்த வாசகம் கவசமாகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே காரையே ஒப்படைத்திருந்தார்கள், இங்கே ஒப்படைக்கவில்லை என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் தன் கவனக்குறைவின் விளைவை ஒரு வரி எழுதி அடுத்தவர்மேல் ஏற்றிவிட முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். முந்தின நாளே அறிவித்து, கயிறு கட்டி மறித்த பிறகும் ஒருவர் கயிற்றை விலக்கிக் காரை உள்ளே விட்டிருந்தால் சேதத்தில் அவருக்கும் பங்கு உண்டு. பொறுப்பு என்று நான் சொல்வது, பணக்காரர் கொடுக்கட்டும் என்பதல்ல. யாரால் தடுத்திருக்க முடியுமோ, தடுக்கும் கடமை யாருக்கு இருந்ததோ அவர் கொடுக்கட்டும் என்பதே.

எங்கள் ஆசிரியரைப் போன்றவர்கள் கேட்காமல் விடுவதைப் பெருந்தன்மை என்று அக்கம்பக்கம் பாராட்டியது. இந்தப் பாராட்டோடுதான் நான் சண்டைக்கு நிற்கிறேன். 1944-இல் நியூயார்க் துறைமுகத்தில், காவலாள் இல்லாத ஒரு சரக்குத் தோணி கட்டவிழ்ந்து போய் மோதி மூழ்கியது. அந்த வழக்கில் 1947-இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் ஒரு கணக்கு வைத்தார். முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். விபத்து நேரும் வாய்ப்பையும் நேர்ந்தால் வரும் இழப்பையும் பெருக்கி வரும் தொகை மறுபக்கம். செலவு குறைவாக இருந்தும் அதைச் செய்யாதவர் கவனக்குறைவானவர். இந்தக் கணக்கை ஒவ்வொரு கான்ட்ராக்டரும் மனத்துக்குள் போடுகிறார். நாம் இழப்பைக் கேட்காமல் விடும்போது அவருடைய கணக்கில் மறுபக்கத்தை அழித்துப் பூஜ்யமாக்குகிறோம். அதன் பிறகு எவ்வளவு மலிவான வலையும் அவருக்கு வீண் செலவுதான். ஆசிரியர் மன்னித்தது காருக்கு வந்த சேதத்தை மட்டும் அல்ல, அடுத்த குடியிருப்பில் அதே கான்ட்ராக்டர் வலையில்லாமல் கட்டப்போகும் சாரத்தையும் சேர்த்து மன்னித்திருக்கிறார். அதற்குக் கீழே நடக்கப்போகும் குழந்தையின் சார்பில் மன்னிக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கேட்காமல் விடும் வேறொரு வகையினர் உண்டு. அவர்கள் பூசணிக்காய் உடைப்பதில்லை. "இன்சூரன்ஸ் இருக்கே, அவன்கிட்ட எதுக்குப் போராடணும்" என்பார்கள். படித்தவர்களின் ஊழ் இது. சொந்த பாலிசியில் சேதத்தைக் கேட்டால், அந்த ஆண்டு புதுப்பிக்கும்போது கோராமைக்கான சலுகை போய்விடும். ஐந்து ஆண்டு ஒன்றும் கேட்காதவருக்கு அது 50 சதவீதம்வரை சேர்ந்திருக்கும். அதைக் காக்கத் தனிப் பிரீமியம் கட்டியிருந்தால் மட்டுமே தப்பும். கட்டாயப் பிடித்தம் வேறு. ஆக, கான்ட்ராக்டரின் குறைக்கு வண்டிக்காரர் மறுபடியும் தவணை கட்டுகிறார். முறையாக இதைத் தாங்க வேண்டிய காப்பீடு வேறு. கட்டுமானப் பணிகளுக்கென்றே இருக்கும் ஒப்பந்தக்காரர் காப்பீட்டில், பக்கத்தில் உள்ள மூன்றாம் நபரின் உடலுக்கும் உடைமைக்கும் வரும் சேதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. எத்தனை குடியிருப்புச் சங்கங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தப் பாலிசியைக் காட்டச் சொல்கின்றன?

கேட்க வழியில்லாமலும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், சேவைக் குறைபாட்டுக்குள் கவனக்குறைவையும் சேர்த்திருக்கிறது. பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுகிறவரும் நுகர்வோரே. பராமரிப்புத் தொகை கட்டும் ஆசிரியர் தாராளமாக அந்த வாசலில் நிற்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்கு விருந்தாட வந்தவரின் கார் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். வழக்கு வேண்டாம் என்பவர்கள்கூட அன்றைக்கே நாலு புகைப்படம், விழுந்த துண்டு, ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், தேதியிட்ட ஒரு கடிதம் என்று எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் பேச்சின் தொனியே மாறிவிடும். பூசணிக்காய் வாங்கிய நேரத்தில் இவ்வளவையும் முடித்திருக்கலாம். அந்தப் பூசணியை நடுரோட்டில் உடைத்ததில் சதை வழுக்கி ஒரு டெலிவரிப் பையன் வண்டியோடு சாய்ந்தான். நல்லவேளையாக முழங்கை சிராய்ப்போடு எழுந்துகொண்டான்.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. விதி என்ற பேச்சு சாரத்தின் உச்சியை எட்டுவதே இல்லை. கீழே எல்லோருக்கும் முன்னால் தலைப்பாகைப் பழமொழி சொன்ன அதே கான்ட்ராக்டர், சற்று நேரம் கழித்து மறைவில், சன்ஷேடைத் தட்டிய ஒடிசாக்காரப் பையனிடம், "உன் கூலியில பிடிச்சாத்தான் புத்தி வரும்" என்று கத்தியது என் காதில் விழுந்தது. கார்க்காரருக்கு விதி, கூலிக்காரனுக்குக் குற்றம். வலை கட்டாத முடிவை எடுத்தவன் அந்தப் பையனா? இடுப்புக்குப் பெல்ட்கூட இல்லாமல் மூன்றாம் மாடி உயரத்தில் நின்று, தட்டச் சொன்ன இடத்தில் தட்டினான். வேலையில் இருக்கும் ஆளால் வந்த சேதத்துக்கு வேலை கொடுத்தவரே பொறுப்பு என்பது நெடுங்காலச் சட்டம். தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் சேதத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று 1936-லேயே ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது.

ஆகவே, நஷ்டஈடு கேளுங்கள் என்று நான் சொல்லும்போது அதன் இரண்டாம் பாதியையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த முறை எங்கள் சங்கம் எழுதப்போகும் ஒப்பந்தத்துக்கு நான்கு வரிகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாரம் ஏறும் நாளே வலையும் ஏற வேண்டும். எந்தப் பக்கம் எப்போது வண்டி நிறுத்தக் கூடாது என்று முந்தின நாளே ஒட்ட வேண்டும். மூன்றாம் நபர் சேதத்துக்கான பாலிசியின் நகலைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். சேதத்துக்குக் கொடுக்கும் எந்தத் தொகையையும் சாரத்தில் நிற்பவரின் கூலியில் கைவைத்துத் திரட்டக் கூடாது. முதல் மூன்று வரிக்கும் பொருளாளர் தலையாட்டினார். நான்காவது வரி எதற்கு என்று கேட்டார். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றிலும் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.