மண்ணில் கிடக்கும் மிஸ்கீன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஜக்காத்தும் ஸதகாவும் கொடுக்கும்போது எல்லோரையும் ஏழை என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். குர்ஆன் ஷரீப் அப்படி அடக்கவில்லை. கஹ்பு சூராவில், மரக்கலம் வைத்துக் கடலில் பிழைத்தவர்களையும் அல்லாஹுத்தஆலா மிஸ்கீன்கள் என்றே சொல்கிறான். பலது சூராவிலோ, மண்ணில் கிடக்கும் மிஸ்கீனைத் தனியே குறிப்பிடுகிறான். வீடின்றி வழியில் எறியப்பட்டுக் கிடப்பவனே அவன் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதாகத் தப்ஸீர்களில் காண்கிறோம்.

இவ்விருவரும் நம் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அரசாங்க மக்கள் வீடமைப்பு அடுக்ககத்தில் மாதம் 124 வெள்ளி வாடகை கட்டத் திணறும் குடும்பம் ஏழைதான். ஆயினும் அதற்குக் கதவுண்டு, அடுப்புண்டு, விலாசமுண்டு. நாம் கொடுக்கும் அரிசி மூட்டை அங்கே சோறாகும். மஸ்ஜித் இந்தியாப் பக்கமோ புடுவிலோ அஞ்சடியில் படுப்பவனுக்கு அதே மூட்டை வெறும் சுமை. சமைக்க அடுப்பில்லை, வைக்க இடமில்லை. தூங்கும்போது பை களவு போனால் அடையாளக் கார்டும் போகும். கார்டும் விலாசமும் இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்?

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லோரும் வீட்டிலிருக்க வேண்டுமென்று உத்தரவு. ஏழை குறைந்த சோற்றோடாவது வீட்டுக்குள் இருந்தான். வீடில்லாதவனுக்கோ கீழ்ப்படியவும் வழியில்லை. அவர்களை மண்டபங்களில் கொண்டுபோய்த் தங்கவைக்க வேண்டியதாயிற்று.

நம் முன்னோர் ரஜூலா கப்பலில் தகரப் பெட்டியோடு வந்தபோது அவர்களுக்கும் இங்கே சொந்த வீடில்லை. கடையிலேயே உண்டு உறங்கினார்கள். ஆனால், இவர் இன்ன ஊர், இன்னார் மகன் என்று சொல்ல ஓர் ஊர்க்காரர் இருந்தார். அஞ்சடியில் கிடப்பவர் அநேகருக்கு அப்படிச் சொல்லவும் ஆளில்லை.

மதீனாவில் வீடும் குடும்பமும் இல்லாத தோழர்களை நாயகம் (ஸல்) அவர்கள் உணவு கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. தம் பள்ளியிலேயே, ஸுப்பா என்னும் கூரைபோட்ட திண்ணையில் தங்கவைத்துக் கல்வியும் புகட்டினார்கள். ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தவர்களே!

ஆகவே சகோதரர்களே! கோலாலம்பூரிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கடை திறக்கும்போது, வாசலில் படுத்திருப்பவன்மீது தண்ணீர் ஊற்றி எழுப்புவது நமக்கு அழகன்று. எந்த மதத்தவனாயினும் பெயர் கேட்டு எழுப்புவோம். சமைத்த சோறு கொடுப்போம். கார்டு தொலைத்தவனைப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்வோம். வேலை கொடுத்தால் படுக்க இடமும் சேர்த்துக் கொடுப்போம். நம் சங்கத்தார் கூடி, ஒருவனுக்கேனும் ஓர் அறையின் முதல் மாத வாடகையை ஸதகாவாகக் கட்டினால், அவனுக்கு ஒரு விலாசம் கிடைக்கும். அரிசி மூட்டைகள் வீடுள்ள ஏழைகளுக்கு எப்போதும்போல் போகட்டும்.

மண்ணில் கிடப்போரை மறவாத கூட்டத்தில் நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் சேர்த்தருள்வானாக! ஆமீன்.