வீரன் ஏன் திருடனானான்?

ஊத்துக்கோட்டை சுத்துப்பட்டில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்தவன் நான். கர்ணன் சாகும்போது ஊரே அழும். சபையில் பாஞ்சாலியை இழிவாகப் பேசியவன் அவன்தான். ஆனாலும் யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்வதில்லை. "அவன் இன்னா பண்ணுவான், சோறு போட்டவனை விட்டுட்டு வருவானா?" என்பாள் எங்க ஆயா. குலம் கேட்டு அவமானப்படுத்தினார்கள், துரியோதனன் நாடு கொடுத்தான், அந்தக் கடன். அவன் தடம் மாறியதற்குக் கதை காரணம் சொல்லிவிடுகிறது.

எங்கள் காலனிக் கோடியில் குதிரைமேல் மதுரைவீரன் இருக்கிறான். இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். அவன் கதையைப் பாருங்கள். திருமலை நாயக்கரின் மதுரையைச் சூறையாடிய திருடர்களை அடக்குகிறான். அப்படிப்பட்டவன், கதைப்பாடல் சொல்கிறபடி, வெள்ளையம்மாளைத் தூக்கிவர இரவில் மாறுவேஷத்தில் போய்த் திருடனாகப் பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். திருடனைப் பிடித்தவன் ஏன் திருடனைப்போலப் போனான்? ஆசை என்பதற்குமேல் கதையில் பதில் இல்லை. கேட்பவர்களும் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

அதே கதை இன்னொரு இடத்தில் காரணத்தை அள்ளிக் கொட்டுகிறது. சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு வீரம் எப்படி வந்தது? அவன் காசி ராஜா மகன், மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டார்கள், சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்தார்கள் என்கிறது. இது பின்னால் ஒட்டிய ஒட்டு என்று ஆய்வாளர்கள் சொல்லியாகிவிட்டது. எனக்குப் படுவது வேறு. வீரத்துக்கு மட்டும் காசி ராஜா ரத்தம். தண்டனை வாங்கும்போது அவன் சின்னான் மகன். நாம் நல்லது செய்தால் விளக்கம் வேண்டும். கெட்டது செய்தால் விளக்கமே வேண்டாம். சாதியே காரணமாகிவிடுகிறது. கதாசிரியன் விட்ட ஓட்டையைக் கேட்பவன் மனசில் இருக்கிற சாதி அடைத்துவிடுகிறது.

கதைதானே என்று விட முடியவில்லை. என் மாமா ஒருவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் நைட் வாட்ச்மேன். ஒருநாள் செம்புக்கம்பிக் கட்டு ஒன்று குறைந்தது. முதலில் கூப்பிட்டது அவரைத்தான். இத்தனை வருஷம் காத்தவன் இன்றைக்கு ஏன் எடுக்கவேண்டும் என்று ஒருத்தன் வாயும் கேட்கவில்லை. "புத்தி எங்க போகும்?" என்றார் ஒருவர். நாலுநாள் கழித்து ஸ்டோர் கணக்கில் தப்பு என்று தெரிந்தது. "சரி, வேலைக்கு வா" என்றார்கள். கதையின் சில வடிவங்களில் திருமலை நாயக்கரும் பிறகு வருந்துகிறார். வீரனுக்குக் கோயில் கிடைத்தது. மாமாவுக்கு அதுவும் இல்லை.

1956இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' படம் இந்த ஓட்டையைப் பார்த்தது. சூழ்ச்சிக்காரர்கள் மேல் பழியைப் போட்டு வீரனைச் சுத்தமாக்கியது. எங்கள் ஜனம் கொண்டாடியது. எனக்கு அதுவும் போதாது. நம் ஆள் தப்பே செய்யமாட்டான் என்பதும் அவனை மனிதனாகப் பார்க்காததுதான். அவன் தப்பு செய்திருக்கலாம். வெள்ளையம்மாள் சம்மதித்தாளா என்று நாமும்தான் கேட்டதில்லை. இரண்டு பெண்களையும் சாமிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு மனசு இருந்ததா என்று பார்க்காமல் கும்பிடுகிறோம்.

ஒருவன் தடம் மாறியதற்குக் காரணம் கேட்பது மன்னிப்பு வாங்கித்தர அல்ல. அவனும் யோசித்து, தயங்கி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன் என்று ஒப்புக்கொள்ளத்தான். கர்ணனுக்கு அந்த மரியாதை கிடைத்தது. நம் எழுத்தில் வருகிற கெட்டவனுக்கும், அவன் எந்தச் சாதியாக இருந்தாலும், அதை நாம் கொடுக்கவேண்டும். வீரனிலிருந்து ஆரம்பிக்கலாம்.