கையெழுத்துப் போட வேண்டியவர் யார்?

வேம்பாரில் நான் வளர்ந்த தெருவில், மாலை கோவில் மணி அடித்தால் பெண்பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மணலில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகளுக்கு அது வெறும் மணி. எனக்கோ கணக்குக் கொடுக்கும் நேரம். எங்கே போனாய், யாரோடு போனாய், ஏன் இவ்வளவு நேரம்? "அந்த வீட்டுப் பக்கம் போகாத ஏட்டி" என்பார் அம்மா. காரணம் சொன்னதில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரிடமும் எழுதாத ஒரு பட்டியல் இருந்தது. அதில் இருந்த ஆண் இஷ்டம்போல் நடமாடினான். ஜாமீனில் வந்தவரைப் போல தினமும் கையெழுத்துப் போட்டது நாங்கள்.

அண்மையில் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "தண்டனை முடிஞ்சு வர்றவன் எங்க குடியிருக்கான்னு நமக்குத் தெரிய வேண்டாமா மேடம்?"

அமெரிக்காவில் தெரியும். 1994இல் நியூஜெர்சியில் ஏழு வயது மேகன் கான்காவைக் கொன்றவன், சிறுமிகளிடம் அத்துமீறியதற்காக ஏற்கெனவே தண்டனை பெற்றவன். அதே தெருவில் குடியிருந்தான். பெற்றோருக்கு அது தெரியாது. 1996இல் அவள் பெயரால் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. இந்தியாவிலும் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியல் தொடங்கப்பட்டது. அப்போதே 4 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். ஆனால் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும்.

எல்லாருக்கும் திறந்துவிடலாமே என்றுதான் என் மனமும் முதலில் சொன்னது. இவ்வளவு காலம் நாங்கள் போட்ட கையெழுத்தை இனி அவன் போடட்டும்.

பிறகு நம் தென்மாவட்டங்களின் ரேகைச் சட்டம் நினைவுக்கு வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஒரு சாதியில் பிறந்ததே குற்றமாகி, ஆண்கள் காவல் நிலையத்தில் இரவு தூங்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டார்கள். இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவனும் அந்த மக்களும் ஒன்றல்ல. என்றாலும், பட்டியலை ஊர் கையில் கொடுத்தால் அது யார் மேல் முதலில் பாயும் என்று நமக்குத் தெரியும். மேல்தெருவின் மேல் பாயாது.

வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி வந்தாள். மற்றவர்கள் போகும்வரை நின்றாள். "மாமா பேரு அதுல வந்தா எங்க வீட்டு அட்ரஸ்தானே மேடம் வரும்?"

பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டம். முகவரியை ஊருக்கு அறிவித்தால் அதையேதான் நாம் செய்வோம். நாளை இன்னொருத்தி அந்த முகவரிக்குப் பயந்தே வாயைத் திறக்கமாட்டாள்.

ஆகவே என் பதில் இது. பட்டியல் காவல்துறையிடமே இருக்கட்டும். பள்ளிக்கும் விடுதிக்கும் ஆள் எடுக்கும்போது அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கேட்போம். வீட்டில், மணி அடித்தபின் மகனிடமும் கணக்குக் கேட்போம்.

அன்று அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "உட்காரும்மா" என்றேன். கதவைச் சாத்தினேன்.