பெயரில்லாத இரண்டு

அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வரும் கரும்பு டிராக்டர்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். எடை போட இரண்டு வரிசைகள் இருப்பதாகக் கற்பனை. ஓட்டுநர்கள் இருவரும் ஆளுக்கொரு காசைச் சுண்டுகிறார்கள். பூ என்றால் இடது வரிசை, தலை என்றால் வலது. மொத்தம் நான்கு வாய்ப்புகள்: இரண்டும் இடது, இரண்டும் வலது, முதல் வண்டி இடது இரண்டாவது வலது, இல்லையென்றால் அதற்கு நேர்மாறு. ஆக, வரிசைக்கு ஒன்றாக நிற்பது சராசரியாகப் பாதித் தடவை நடக்கும்.

இப்போது இரண்டு வண்டிக்கும் ஒரே நிறம் அடித்து, நம்பர் பிளேட்டையும் கழற்றிவிடுவோம். வெளியே நின்று பார்ப்பவருக்கு எது எதுன்னு தெரியாது. அவர் கண்ணுக்கு மூன்று காட்சிகள்தான். ஆனாலும் வரிசைக்கு ஒன்றாக நிற்பது அப்போதும் பாதித் தடவைதான். அடையாளம் நமக்குத் தெரியவில்லை என்பதற்காக வண்டிகள் தங்கள் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை.

நியூட்டனின் உலகம் இப்படிப்பட்டது. இரண்டு துகள்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை உண்டு. ஒரு கணத்தின் இடமும் வேகமும், அதன்மேல் செயல்படும் விசைகளும் தெரிந்தால் மீதிப் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். பாதையைப் பிடித்துக்கொண்டே போனால் எது எது என்று சொல்லிவிடலாம். நாங்கள் மென்பொருளில் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே. இரண்டு பொருள்களின் மதிப்புகள் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் நினைவகத்தில் அவற்றின் முகவரி வேறு. முகவரி வேறு என்றால் ஆளும் வேறு.

1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் புதிய வழியில் வருவித்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். அந்தக் கட்டுரையின் எண்ணும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. நம் டிராக்டர்களுக்குப் பதிலாக, வெப்பச் சமநிலையில், ஒரே ஆற்றலுள்ள இரண்டு நிலைகளில் இரண்டு ஒளித்துகள்களை வைத்தால், வாய்ப்புகள் நான்கு அல்ல, மூன்று. மூன்றுக்கும் சம பங்கு. நிலைக்கு ஒன்றாக இருப்பது பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைகிறது.

சரி, இதுல என்ன பெரிய விஷயம்? நமக்கு அடையாளம் தெரியாமல் போவது எண்களை மாற்றாது என்று இப்போதுதானே பார்த்தோம். இங்கே எண் மாறுகிறது. அப்படியென்றால் அடையாளம் மறைந்திருக்கவில்லை. அடையாளம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. ‘முதல் துகள் எந்த நிலையில்?’ என்ற கேள்விக்கு இயற்கையிடமே பதில் கிடையாது. ஒரு மாறியில் 2 என்ற எண் இருக்கிறது. அதில் எந்த 1 முதலில் வந்தது என்று அந்த எண்ணிடம் கேட்க முடியாது, அதுபோல.

எலெக்ட்ரான்களும் பெயரற்றவைதான், ஆனால் அவற்றின் குணம் வேறு. ஒரு நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்கவே முடியாது. வெண்குறுமீன்கள் தம் எடையால் நொறுங்காமல் நிற்பது இந்த மறுப்பால்தான். அந்தத் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்று, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்குப் போட்டார் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை என்று இன்று அதைச் சொல்கிறோம்.

இந்த இடத்தில் நம்மில் பலர் ஒரு தாவு தாவுகிறோம். துகளுக்கே தனி அடையாளம் இல்லை, நாமும் துகள்களின் கூட்டம், எனவே தனிமனிதன் என்பது மாயை என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எலெக்ட்ரான் பெயரற்றதாக இருப்பதற்குக் காரணம், கடந்துவந்த வழியின் தழும்பு எதையும் அது சுமப்பதில்லை என்பதே. நட்சத்திரத்திலிருந்து வந்ததும் ஒன்றுதான், கரும்புச் சோகையில் இருப்பதும் ஒன்றுதான். மனிதன் தழும்புகளால் ஆனவன். அவன் தனித்தன்மை அணுக்களில் இல்லை. அவை அடுக்கப்பட்ட விதத்திலும் வந்த வழியிலும் இருக்கிறது.

கரும்பும் அப்படித்தான். ஆலைக்கு வரும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வயல் உண்டு, ரகம் உண்டு, தண்ணீர் பாய்ச்சிய கை உண்டு. ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலை, ஆலையின் சராசரி சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2022-23 பருவத்தில் அதன் அடிப்படை அளவு 10.25 சதவீதம். நல்ல சாறுள்ள கரும்பு கொண்டுவந்தவருக்கும் சப்பைக் கரும்பு கொண்டுவந்தவருக்கும் டன்னுக்கு ஒரே விலை. இதற்கு நியாயம் உண்டு: ஒவ்வொரு வண்டியையும் சோதிக்க செலவாகும், சோதிப்பவரை யார் சோதிப்பது என்ற தகராறு வரும், வளம் குறைந்த நிலத்துக்காரர் அடிபடுவார்.

நான் சராசரியை எதிர்க்கவில்லை. அதை இயற்கை விதி மாதிரி பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒளித்துகளிடம் ‘நீ யார்’ என்று கேட்காமலிருப்பது அறிவு, ஏனென்றால் பதிலே இல்லை. விவசாயியிடமோ, வேலைக்கு வந்த ஆயிரம் விண்ணப்பங்களிலோ கேட்காமலிருப்பது ஒரு முடிவு. பதில் இருக்கிறது, வசதிக்காக அதை விட்டுவிடுகிறோம். விட்டுவிட்டவர் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். போஸின் கணக்கில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை. நம் கணக்குகளில் அது எப்போதும் யாரோ ஒருவர் பெயரில் நிலுவையாக நிற்கிறது.