அடுத்த தெருக்காரர் வாங்கும் கடை

சைகோனில் ஒரு பழைய கட்டடத்தை இடித்தால் உங்களுக்கு என்ன வருத்தம்? இப்படி என்னிடம் கேட்டவர் வியட்நாமின் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நுயென் ஹுவே சாலையும் லே லோய் சாலையும் சந்திக்கும் மூலையில் முன்பு இருந்த டாக்ஸ் வணிக மையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இடித்துவிட்டார்களே என்று நான் ஆதங்கப்பட்டேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1924-ல் திறந்த பெரிய அங்காடி அது. பொடிப்பொடி ஓடுகளைப் பதித்து வட ஆப்பிரிக்கப் பாணியில் கோலமிட்ட தரை, அகலமான மாடிப்படி, படிக்கட்டின் கைப்பிடியில் வெண்கலச் சேவல். 2014 செப்டம்பரில் மூடினார்கள், 2016-ல் இடித்தார்கள். காப்பாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மூடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளவும் தள்ளுபடியில் வாங்கவும் கூட்டம் திரண்டது. அப்புறம் பல வருஷம் அந்த மூலை காலி மனையாகவே கிடந்தது.

நண்பர் சொன்னார்: “எங்க அம்மா சின்ன வயசுல அங்க போறதுன்னா புதுச் சட்டை போட்டுட்டுப் போவாங்களாம். ஆனா கடைசியா அங்க என்ன வாங்கினாங்கன்னு கேட்டா அவங்களுக்கே ஞாபகம் இல்ல. நாங்க போறத எப்பவோ நிறுத்திட்டோம்.” அந்தப் பேச்சுக்குப் பிறகு, வேகமாக மாறுகிற எந்த ஊருக்குப் போனாலும் கடைகளை வேறு மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டேன். கடை எவ்வளவு பழையது, எவ்வளவு அழகு என்பதெல்லாம் பிறகு. அடுத்த தெருவில் குடியிருப்பவர் இங்கே வந்து ஏதாவது வாங்குகிறாரா? முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

பென் தான் சந்தையில் இதைப் பார்ப்பது சுலபம். மணிக்கூண்டு வைத்த அதன் வாசல்தான் ஊரின் அடையாளம். படத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒரு சதுப்பு நிலத்தைத் தூர்த்து அதன்மேல் கட்டி 1914-ல் திறந்தார்கள். பக்கத்தில் உள்ள நுயென் ஹுவே சாலையே ஒரு காலத்தில் படகு வந்துபோன வாய்க்கால். 1887-ல் அதை மூடிச் சாலையாக்கினார்கள். இன்று நாம் பழைய சைகோன் என்று ஏங்குகிற இந்த இடங்கள்கூட யாரோ ஒருவருடைய படகுத்துறையை மூடித்தான் வந்தன. அதனால் மாற்றம் என்றாலே கேடு என்று இந்த ஊரில் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியாது.

சந்தைக்குள்ளே காப்பிக்கொட்டை, மிளகு, முந்திரி, காய்ந்த இறால், அரக்குப் பூச்சுப் பெட்டிகள், பனியன்கள். இடைவழியில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரப் பெண்மணி நம் முகத்தைப் பார்த்ததும் நம் நாட்டு வணக்கத்தைச் சொல்கிறார். ஒரு பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் போதும், கால்குலேட்டர் வந்துவிடும். எண்கள் அழிந்துபோன பொத்தான்களை விரல் பழக்கத்தால் தட்டி ஒரு விலையைக் காட்டுகிறார். வாங்குபவர் அதை வாங்கிப் பாதியைத் தட்டுகிறார். அந்தப் பெண்மணி தலையை ஆட்டிவிட்டு இன்னொன்றைத் தட்டுகிறார். வாய்ப்பேச்சே இல்லாமல் வியாபாரம் முடிகிறது.

பேரம் பேசுவதில் தப்பே கிடையாது. நம் ஊரில் கீரைக்காரம்மாவிடம் பேசாத பேரமா? ஆனால் அந்தப் பேரத்துக்குப் பின்னால் நாளைய தினம் இருக்கிறது. இன்று ரொம்பக் குறைத்துக் கேட்டால் நாளை அந்தம்மா நல்ல கட்டாகப் பார்த்துத் தரமாட்டார்; அவர் ரொம்ப ஏற்றினால் நாம் பக்கத்துக் கூடைக்குப் போய்விடுவோம். மறுபடி பார்க்கப்போகிறோம் என்பதுதான் இரண்டு பேரையும் ஓர் அளவில் நிறுத்துகிறது. பென் தானில் கால்குலேட்டரை மாற்றி மாற்றித் தட்டும் இருவரும் இனி சந்திக்கப்போவதில்லை. அதனால் அங்கே மூன்று மடங்கு சொல்லவும் வெட்கமில்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்கவும் வெட்கமில்லை. ஏமாற்றுக்காரச் சந்தை என்று பயணிகள் திட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்மணிகள் மேல் குறை இல்லை. தினமும் வந்துகொண்டிருந்த ஊர்க்காரர்கள் மெல்ல மெல்ல விலகிப்போய், தினமும் புதியவர்களே வந்து நிற்கும் கடையில் வேறு எப்படித்தான் வியாபாரம் நடக்கும்?

அங்கிருந்து சில நிமிஷ நடையில் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம்மவர்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஜவுளி வியாபாரத்துக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். கொடுக்கல் வாங்கலுக்குப் போன நகரத்தார் இருந்தார்கள். அதே ஊரில் உள்ள தண்டாயுதபாணி கோயில் அவர்களுடையது. சைகோனின் நடு வீதிகளில் துணிக்கடை என்றால் நம்மவர் கடை என்ற காலம் ஒன்று இருந்தது. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் போய்விட்டார்கள். கடைகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

கோயில் மட்டும் எப்படி நிற்கிறது என்று அங்கே ஒரு பௌர்ணமி நாளில் போனால் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உள்ளே நிற்க இடம் இருக்காது. வந்திருப்பவர்களில் நம் ஊர் முகம் அபூர்வம். மற்ற எல்லோரும் வியட்நாமியர்கள், சீன வம்சாவளியினர். அலுவலக உடுப்போடு வந்த பெண்கள், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் இளைஞர்கள், பேத்தியைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டிகள். நடுவில் மாரியம்மன், இருபுறமும் மதுரைவீரனும் பேச்சியம்மனும். பூவும் பழமும் வைத்து, கொத்தாக ஊதுபத்தியைக் கொளுத்தி நெற்றிக்கு நேரே தூக்கிக் கும்பிடுகிறார்கள். பிறகு கருவறைக்குப் பின்பக்கம் போகிறார்கள். அங்கே கருங்கல் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, நெற்றியையும் அழுத்தி, கல்லிடம் முணுமுணுவென்று பேசுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் வெகுநேரம் பேசினார். அவசரப்படுத்த யாரும் இல்லை. அத்தனை பேர் நெற்றி பட்டுப்பட்டு அந்த இடத்தில் கல் வழவழப்பாக இருக்கிறது.

அம்மனைக் கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் அம்மனை வைத்துக்கொண்டார்கள். பிள்ளை வரம், வியாபாரம், பரீட்சை, உடம்பு என்று அவர்களுக்கு அவளிடம் கேட்க எப்போதும் ஏதோ ஒன்று இருக்கிறது. டாக்ஸ் கட்டடத்தின் மேல் ஊரே பாசம் வைத்திருந்தது, ஆனால் அங்கே போய் வாங்க யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. இந்தக் கோயிலை அழகுக்காகவோ பழமைக்காகவோ யாரும் காப்பாற்றவில்லை. அவளில்லாமல் அவர்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். தமிழனாக அங்கே நின்றபோது எனக்குப் பெருமையைவிட நன்றிதான் மேலோங்கியது.

ஆனால் இதை ஒரு சூத்திரமாக்கிவிட மனம் ஒப்பவில்லை. தேவைப்படுவது நிற்கும், தேவைப்படாதது போகும் என்றால் இடிக்கிறவர்களுக்கு அது ரொம்ப வசதியான நியாயமாகிவிடும். லே லோய் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுவதற்காக 2014-ல் அங்கே தகர வேலி போட்டார்கள். வேலி முழுதாக விலகியது 2022-ல். எட்டு வருஷம். வேலிக்கும் கடை வாசலுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். வண்டியை நிறுத்த இடமில்லாத ஊரில், வண்டியைவிட்டு இறங்காமலே சாமான் வாங்கிப் பழகிய மக்கள் அந்தக் கடைகளுக்கு எப்படி வருவார்கள்? அந்தக் கடைகள் யாருக்கும் வேண்டாததாகிப் போனதால் மூடவில்லை. வேண்டியவர்கள் வந்துசேர வழி இல்லாததால் மூடின. வேலியை எடுத்ததும் வாடகை ஏறியது, பெரிய நிறுவனங்கள் வந்தன. எட்டு வருஷம் தாக்குப்பிடித்தவர்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் து தியேமில் இன்னும் பெரிய கதை. புது நகரம் கட்டுவதற்காக அங்கிருந்து சுமார் 15,000 குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். நிலம் எடுத்ததில் தவறு நடந்ததை அரசாங்கத்தின் ஆய்வுத் துறையே 2018-ல் ஒப்புக்கொண்டது. அந்த மக்களுக்கு அவர்கள் சந்தை தேவைப்படவில்லை என்று யார் சொல்ல முடியும்?

மெட்ரோ வந்தது நல்லதுதான். 2024 டிசம்பர் 22-ல் ஓடத் தொடங்கிய முதல் தடம், பென் தானிலிருந்து சுவோய் தியென் வரை 19.7 கிலோமீட்டர், 14 நிலையங்கள். 2012-ல் தொடங்கிய வேலை. புத்தகப் பையோடு மாணவர்களும், பேரனுக்கு ஜன்னல் வழியே நதியைக் காட்டும் தாத்தாக்களும் ஏறி வருவதைப் பார்த்தால், இந்த ரயில் வந்திருக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ரயிலுக்கான விலையில் ஒரு பங்கை லே லோயின் சின்னக் கடைக்காரர்கள் கட்டினார்கள் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நடைபாதை விஷயத்திலும் இதே இழுபறி. 2017-ல் ஊரின் நடுப்பகுதியான முதல் மாவட்டத்தைச் சின்ன சிங்கப்பூராக்கிக் காட்டுகிறேன் என்று ஓர் அதிகாரி கிளம்பி, நடைபாதையில் இருந்த கடைகளையும் படிக்கட்டுகளையும் பெயர்த்தெடுத்தார். கொஞ்ச நாளில் சோற்றுக்கடைகளும் காப்பி ஸ்டூல்களும் திரும்பி வந்துவிட்டன. மதியம் சாப்பிட ஆட்கள் வேண்டுமே! 2024-ல் சில தெருக்களில் கோடு கிழித்து, இவ்வளவு இடத்துக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு அனுமதிக்கத் தொடங்கினார்கள். முழுக்க விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். தேவையை அரசாங்கம் கண்ணால் பார்த்து இடம் ஒதுக்கியதற்கு இதை ஓர் உதாரணமாகச் சொல்வேன்.

அந்த நடைபாதையில் தோளில் காவடி போட்டுப் பழம் விற்கும் பெண்களைப் படம் எடுக்காத பயணி இல்லை. கூடையின் ஓரத்தில் பணம் செலுத்தும் கியூஆர் அட்டை தொங்குகிறது. படத்தில் அது விழாதபடி கூடையைத் திருப்பி வைக்கச் சொன்ன ஒருவரைப் பார்த்தேன். எனக்கு மனசு பொறுக்கவில்லை. சில்லறை தேட வேண்டாம், கள்ளநோட்டு பயம் இல்லை, அன்றைய வரும்படி அன்றைக்கே அவர் கணக்கில் ஏறிவிடுகிறது. அவர் தோளில் ஏற்கெனவே இருக்கும் பாரத்தோடு, நம் படத்துக்காக அவர் பழைய காலத்திலும் வாழ வேண்டுமா? ஊரை மாறாமல் இருக்கச் சொல்லும் உரிமை அங்கே வாழாதவர்களுக்குக் கிடையாது. 2023 கடைசியில் திருச்சியிலிருந்தே நேரடி விமானம் வந்த பிறகு நம் ஆட்கள் அங்கே நிறையப் போகிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் வெளியூர்க்காரருக்கு அங்கே என்ன வேலை? வாங்குவதுதான். ஆனால் ஊர்க்காரர் வாங்கும் இடத்தில், ஊர்க்காரர் வாங்கும் சாமானை. காப்பி வடிகட்டி வேண்டுமென்றால் பாத்திரக்கடைக்குப் போகலாம். அங்கே அலங்காரப் பெட்டி இருக்காது, வடிகட்டி நன்றாக இருக்கும். மொத்தச் சாமானைப் பார்க்க வேண்டுமென்றால் சோலோன் பக்கம் பின் டாய் சந்தை. பழைய சாமான் பொறுக்கி விற்கத் தொடங்கிப் பெரும் வணிகரான குவாக் டாம் என்ற சீனர் எழுப்பிய சந்தை அது. வெளியூர்க் கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றிப் போகிறார்கள். அங்கே ஒற்றைச் சாமான் கேட்டு நிற்பவர்களுக்கு மரியாதை குறைவுதான், அது நியாயம்தான்.

நான் துணி வாங்கப் போவது தன் டின் சந்தைக்கு. ரோஜா நிறத் தேவாலயத்துக்குப் பக்கத்தில், 1920-களில் கட்டிய சந்தை. தையல்காரர்களும், மகளின் கல்யாணத்துக்கு ஆவ் யாய் உடுப்புத் துணி எடுக்க வந்த அம்மாக்களும்தான் அங்கே கூட்டம். துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்து நூலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தியாகராய நகரில் நம் அத்தைமார் செய்வதும் இதேதான்.

போன தடவை நான் வழக்கமாகப் போகும் கடையில் அந்த அக்கா என்னைக் கையமர்த்தி உட்காரச் சொன்னார். எதிரே ஒரு கம்பியில் செல்போனை நிறுத்தி வைத்து, துணியை உதறி விரித்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். நேரலை வியாபாரம். எங்கோ மேகாங் கரையோர ஊர்களில் இருந்து பெண்கள் கேட்கக் கேட்க, இந்தக் கரை, அந்தக் கரை என்று திருப்பிக் காட்டினார், கையில் கசக்கி விட்டுக் காட்டினார், முழம் போட்டுக் காட்டினார். ஒருவர் பெயரைச் சொல்லி அவர் மாமியாருக்கு உடம்பு தேவலையா என்றுகூட விசாரித்ததாக அவர் மகன் எனக்குச் சொன்னான். பக்கத்துக் கடைகளில் சில மூடிக் கிடக்கின்றன. இந்தக் கடை ஓடுவது இப்போது அந்தப் பெண்களால். அவர்களில் யாரும் அடுத்த தெருவில் இல்லை. ஆனால் அடுத்த வாரம் திரும்ப வருவார்கள், துணி சாயம் போனால் இதே திரையில் வந்து சத்தம் போடுவார்கள். அடுத்த தெரு என்று நான் எதை நினைத்திருந்தேனோ அது இப்படியும் இருக்கலாம் போலிருக்கிறது.

எனக்கு அவர்கள் பாஷையில் எண்கள் மட்டும் புரியும். நான் எடுக்க நினைத்த நீலப் பருத்தித் துணிக்கு மீட்டர் 80,000 டோங் என்று அவர் அந்தப் பெண்களிடம் சொன்னது காதில் விழுந்தது. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, கால்குலேட்டரை எடுக்காமல், எனக்கும் 80,000 என்றுதான் சொன்னார். மூன்று மீட்டர் வெட்டச் சொன்னேன்.