என் கிளப், நம்ம கிளப்

2022 செப்டம்பர் 24, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில், சிக்ஸ்வேஸ் மைதானத்தில் வூஸ்டர் வாரியர்ஸ் அணி நியூகாசிலை 39-5 என்று தோற்கடித்தது. அந்தப் பருவத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, அந்த கிளப் எல்லாப் போட்டிகளிலிருந்தும் இடைநீக்கம் செய்யப்பட்டு திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது.

எனக்கு ரக்பி தெரியாது. பந்தை ஏன் பின்னாடியே வீசுறாங்க என்பதே வெகுநாள் புரியவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தின் சுருக்கக் காணொளியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சம்பளம் முழுசா வருமா என்று தெரியாத ஆட்கள் ஏன் இப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நடந்தது. 1871-இல் தொடங்கிய கிளப் அது. பல காலம் கீழ் அடுக்குகளில் கிடந்ததைத் தூக்கி நிறுத்தியவர் செசில் டக்வொர்த் என்ற உள்ளூர் தொழிலதிபர். (கிரிக்கெட் மழைவிதி டக்வொர்த் வேறு.) பாய்லர் தயாரித்துச் சம்பாதித்த பணத்தை ஆண்டுக்கணக்கில் கிளப்பில் போட்டார். 2004-இல் அணி முதன்முறையாக பிரீமியர்ஷிப்புக்குள் நுழைந்தது. 2020-இல் அவர் இறந்தபோது கிளப் ஏற்கெனவே வேறு கைகளில் இருந்தது. கொரோனா காலத்தில் அரசு ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தது. மைதானத்தைச் சுற்றியிருந்த நிலத்துண்டுகள் உரிமையாளர்களோடு தொடர்புடைய வேறு கம்பெனிகளின் பெயருக்கு மாறியிருந்தன. 2022 ஆகஸ்டில் வரித்துறை பாக்கிக்காக நீதிமன்றம் போனது. மொத்தக் கடன் இரண்டரைக் கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்கவில்லை. அப்படியும் ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து அந்தக் கடைசி ஆட்டங்களை நடத்திக் காட்டினார்கள்.

அக்டோபர் 5 அன்று உயர் நீதிமன்றம் ஒரு துணைக் கம்பெனியைக் கலைத்தது. அதன் பெயரிலேயே 'பிளேயர்ஸ்' என்ற சொல் இருந்தது. வீரர்களுக்கும் ஊழியர்கள் சிலருக்கும் சம்பளம் போனது அந்தக் கம்பெனி வழியாகத்தான். அது கலைந்ததும் ஒப்பந்தங்களும் இல்லாமல் போயின. சட்டப்படி அதில் தவறில்லை. இல்லாத கம்பெனிக்கு யாரும் வேலை செய்ய முடியாது.

இப்போது என் கதை. கிட்டத்தட்ட அதே நாட்களில் நான் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். இருபது பேர்தான். முதலாளி எங்களை ஊழியர்கள் என்று சொல்லவே மாட்டார். "நாம ஒரே ஃபேமிலி" என்பார். முதல் மாதம் பாதிச் சம்பளம் வந்தது, அடுத்த மாதம் அதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, வேற இடத்துல ஆஃபர் வந்திருக்கு, போகட்டுமா?" என்றான். "இந்த நேரத்துல விட்டுட்டுப் போனா நல்லா இருக்காதுடா" என்றேன். அவன் இருந்துவிட்டான். மூன்று மாதத்தில் அலுவலகத்தைப் பூட்டினார்கள். அந்த ஆஃபரும் போச்சு.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் பி.எஃப். பணம் பல மாதமாகக் கட்டப்படவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அதைச் சொல்லாமல் விசுவாசத்தைப் பற்றி மட்டும் பேசினேன். நான் அவனை ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த இடத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே பாசம் இருந்தது. பாசத்தோடு செய்ததாலேயே அது சரியாகிவிடுமா?

சிக்ஸ்வேஸ் காணொளிக்கு நான் திரும்பத் திரும்பப் போனது இதனால்தான்.

தமிழில் 'என்' என்ற சொல் பொல்லாதது. 'என் சட்டை' என்பதும் 'என் அம்மா' என்பதும் ஒரே 'என்'தான். சட்டையை விற்கலாம், அம்மாவை விற்க முடியாது. ஒரு கிளப்பைப் பார்த்து முதலாளியும் 'என் கிளப்' என்கிறார், நாற்பது வருஷமாக மழையில் நின்று ஆட்டம் பார்க்கும் ரசிகரும் 'என் கிளப்' என்கிறார். முதலாவது 'என்'னுக்குப் பத்திரம் இருக்கிறது. இரண்டாவதுக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த நிலத்தில் ஆட்டம் நடப்பதும், அதற்குக் கடன் கிடைப்பதும், டிக்கெட் விற்பதும் இரண்டாவது 'என்'னால்தான். பத்திரம் வைத்திருப்பவர் அடகு வைப்பது பத்திரம் இல்லாதவரின் பாசத்தையும் சேர்த்துத்தான். அடகு வைக்குமுன் அவரை யாரும் கேட்பதில்லை.

வாஸ்ப்ஸ் கதையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 1867-இல் தொடங்கி இருமுறை ஐரோப்பியச் சாம்பியனான கிளப். 2014-இல் லண்டன் பக்கமிருந்து கிளம்பி, தொலைவிலிருக்கும் கவென்ட்ரி நகரத்து மைதானத்தை வாங்கிக் குடிபோனது. 2015-இல் பொதுமக்களுக்கும் கடன்பத்திரம் விற்று 3.5 கோடி பவுண்டு திரட்டியது. 2022 மே மாதம் திருப்பித் தரவேண்டிய பணத்தைத் தர முடியவில்லை. அக்டோபரில் 167 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் கிளப்பும் இடைநீக்கமானது. ஒரு வருடத்துக்குள் மூன்று கிளப்கள்.

கெட்ட முதலாளி வந்தார், கெடுத்தார் என்று முடித்துக்கொள்வது எளிது. எனக்கு அது போதவில்லை. டக்வொர்த் நல்லவர், கொடுத்தார். ஆனால் வருமானத்துக்கு மேல் செலவு செய்யும் வீடு ஒன்று, வள்ளல் ஒருவர் இருக்கும்வரைதான் நிற்கும். அவருக்குப் பின் இன்னொரு வள்ளலை எதிர்பார்த்துக் காத்திருக்கும், அப்போது வாசலில் வந்து நிற்பவரெல்லாம் வள்ளலாகவே தெரிவார்கள். ரசிகர்களும் இதில் முழுக்க நிரபராதிகள் இல்லை. ஜெயிக்கும்போது பணம் எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டோம்? நான் மட்டும் கேட்டேனா? இரண்டு தீபாவளிக்கு நல்ல போனஸ் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஜெர்மனியில் கால்பந்து கிளப்களில் பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேல் வாக்குரிமை உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. அது தவறுகளைத் தடுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. உறுப்பினர்களும் முட்டாள்தனமாக வாக்களிக்கலாம். ஆனால் அங்கே இரண்டாவது 'என்'னுக்கும் கொஞ்சம் பத்திரம் இருக்கிறது, கணக்கைக் காட்டு என்று கேட்க ஒரு இடமிருக்கிறது.

நம் ஊரில் உறவுக்குள் கணக்குப் பார்ப்பதை அற்பத்தனம் என்போம். "என்னப்பா, நமக்குள்ள கணக்கா?" என்று கேட்டாலே வாயடைத்துப் போகும். ஆனால் அதே ஊர்தான் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றும் சொல்லி வைத்திருக்கிறது. அலுவலகம் மூடிய நாளில், அக்கவுண்ட்ஸ் பார்த்த அக்கா என்னிடம் கேட்டார்: "ஃபேமிலின்னா லாபம் வந்தப்ப நம்மளக் கூப்பிட்டுக் காட்டியிருக்கணும்ல, தம்பி?"

நான் வந்து சேர்ந்த இடம் இவ்வளவுதான். விசுவாசம் கெட்டதல்ல. அந்த சனிக்கிழமை வீரர்கள் ஓடியதை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியாது, அவர்கள் ஓடியது பக்கத்தில் ஓடியவனுக்காகவும் எதிரே நின்று பாடியவர்களுக்காகவும். நிலைமை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே ஓடினார்கள். அந்தப் பையனுக்கு அது தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். விசுவாசத்தைக் கேட்கிறவர் முதலில் கணக்கைத் திறந்து வைக்கவேண்டும். மூடிய நோட்டோடு கேட்டால், கேட்பவர் முதலாளியானாலும் என்னைப்போல ஒரு அண்ணன் ஆனாலும், அது கடன் சொல்லிப் பொருள் எடுப்பதுதான்.

வூஸ்டர் வாரியர்ஸ் 2025-இல் இரண்டாம் அடுக்கில் மறுபடி ஆட வந்தது. அதே சிக்ஸ்வேஸ், புதிய உரிமையாளர்கள். ரசிகர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் 'என் கிளப்' என்று சொல்வதை நிறுத்தியிருக்கவே இல்லை.

அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். பி.எஃப். விஷயத்தைப் போன மாதம்தான் அவனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே சொல்லியிருந்தாலும் இருந்திருப்பேன்னுதான் நினைக்கிறேன், அண்ணே," என்றான். "ஆனா நானா இருந்திருப்பேன்."