நாவுக்குக் காவல் போடு!

சிலாபத்துத் தம்பி, கற்பிட்டித் தங்கச்சி, உங்களிடம்தான் பேசுகிறேன். நடுச்சாமத்தில் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போகிறவர்களின் பிள்ளைகள் நீங்கள். அலைக்குப் பயந்ததில்லை, காற்றுக்குப் பயந்ததில்லை. ஆனால் கோபம் தலைக்கேறும் நேரத்தில் உன் நாக்கு உன் பேச்சைக் கேட்கிறதா? கேட்காவிட்டால் உன் தோளில் எத்தனை பலம் இருந்தாலும் நீ இன்னும் பலசாலி ஆகவில்லை!

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மகா ஓயாவுக்கு அப்பால், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியில், புனித செபஸ்தியார் ஆலயத்துக்குள் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் துக்கம் நியாயமானது. அந்தக் கோபமும் மனித இயல்புதான்.

மூன்று வாரம் கழித்து, மே 12. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சிலாபத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பேஸ்புக்கில் நடந்த வாக்குவாதத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அடுத்த குண்டுக்கான எச்சரிக்கை என்று அதை எடுத்துக்கொண்டார்கள். கைக்குக் கை பரப்பினார்கள். கடை வாசலில் கூட்டம் திரண்டது, கல் பறந்தது, பள்ளிவாசலும் தப்பவில்லை. ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது. அதே நாளில் நம் புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத்தொழில் செய்த ஒரு முஸ்லிம் குடும்பஸ்தர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வரியை எழுதியவர் அவர் அல்ல. அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எழுதியவரை விடு. பரப்பியவர்களை நினைத்துப் பார். ஒவ்வொருவரும் என்ன சொல்லியிருப்பார்கள்? "நான் ஒன்றும் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்." கடவுளுக்கு முன்னால் இந்தச் சாக்கு நிற்காது! வீணாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குண்டு என்று மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே எச்சரித்திருக்கிறார். யாக்கோபு தன் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாவைக் கப்பலின் சுக்கானோடு ஒப்பிடுகிறார். சுக்கான் எவ்வளவு சிறியது, அது பிசகினால் என்ன ஆகும் என்று உனக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

இரவு பத்து மணி. கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுகிறது. மேலே இரட்டை அம்புக்குறி, கீழே 'உடனே எல்லோருக்கும் பகிரவும்'. யார் எழுதியது, எந்த ஊர், எந்த நாள், ஒன்றும் இல்லை. உன் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் அந்த விரல்தான் உன் நாக்கு. விரலை எடு! உன் விசுவாசத்தின் பரீட்சை அங்கேதான் நடக்கிறது.

இந்த மண்ணில் நடந்த புனிதர் ஒருவரைப் பார். கோவாவிலிருந்து வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் 1690இல் புத்தளத்துக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். இங்கிருந்து கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று அரசனிடம் ஒருவன் கோள் சொன்னான், அடிகளாரைச் சிறையில் தள்ளினார்கள். பழிக்குப் பழி பேசிக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. சிறைக்குள்ளேயே சிங்களம் படித்தார்! பொய்ச் சொல்லால் அடைக்கப்பட்டவர் மக்களோடு பேச இன்னொரு மொழியைச் சம்பாதித்துக்கொண்டு வந்தார். பிறகு அதே அரசன் அவரைச் சுதந்திரமாக ஊழியம் செய்ய விட்டான். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாவடக்கம் என்றால் வாய் பொத்திக் கிடப்பது என்று நினைத்துவிடாதே. ஏரோதின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் நின்ற அதே இயேசுதான், கல்லெறியத் திரண்டவர்கள் நடுவில் ஒரு பெண்ணுக்காகப் பேசினார். பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிப் பொய் வந்தால், "இது பொய்" என்று அதே குழுவில் எழுது. நாலு பேர் உன்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு இடம் கொடுத்த மாவட்டம் இது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற உன் ஒரு வரி வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதே சட்டம்தான். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மகனைப் பார்த்து "நீ உருப்படமாட்டாய்" என்கிற தகப்பன்மார் எத்தனை பேர்! ஐயா, அந்தப் பிள்ளை பாடப் புத்தகத்தை மறந்துவிடும், இந்த வார்த்தையைச் சாகும்வரை மறக்காது. பிள்ளையே, நீயும் உன்னைப் பார்த்து அதைச் சொல்லாதே. கடவுள் தம் சாயலில் படைத்த ஒருவனைத் திட்ட உனக்கும் உரிமை இல்லை, அந்த ஒருவன் நீயாகவே இருந்தாலும்!

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் போவாய். நற்கருணை வாங்குமுன் யோசித்துப் பார், இந்த வாரம் இந்த நாக்கு யாரைச் சுட்டது என்று. பெயர் நினைவுக்கு வந்தால் பூசை முடியும்வரை காத்திராதே. முதலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள்.